அபஸ்மாரமும் வலிப்பும்: ஒரு சமன்பாட்டின் எல்லைகள்

ஆயுர்வேத நூல்கள் கூறும் 'அபஸ்மாரம்' என்னும் நோயை இன்றைய கால்-கை வலிப்பு நோயோடு ஒன்றாகக் கொள்வது தமிழ்க் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. இச்சமன்பாடு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதே நமது நோக்கமாகும்.

ஸ்மரணம் என்பது நினைவு. அதன் நீக்கமே அபஸ்மாரம். சரக சம்ஹிதை நினைவு, அறிவு, மனம் ஆகிய மூன்றும் குலைவதையே இந்நோயின் இலக்கணமாகக் கொள்கிறது. உறுப்புகள் மீண்டும் மீண்டும் வெட்டி இழுக்கும் 'ஆக்ஷேபகம்' என்னும் நிலையை அந்நூல் இதனுள் அடக்காது வாத நோய்களுள் வைத்துள்ளது. இன்றைய நரம்பியலோ நினைவு தப்பாத வலிப்பையும் கால்-கை வலிப்பின் ஒரு வகையாக ஏற்கிறது. ஆகவே, இரு சொற்களின் எல்லைகளும் ஒன்றல்ல என்பது தெளிவு.

நோய்க்காரணம் பற்றிய பகுதி மேலும் கவனிக்கத்தக்கது. உன்மாதத்தை ஐந்தாகப் பகுத்து, தெய்வம், பூதம் முதலிய புறக்காரணங்களால் வருவதை ஐந்தாவதாக வைக்கும் சரகம், அபஸ்மாரத்தை வாதம், பித்தம், கபம், முக்குற்றம் என நான்காக மட்டுமே பகுக்கிறது. புறக்காரணம் இங்கே சில வேளைகளில் உடன் சேர்வதேயன்றித் தனிவகை அன்று. உடற்குற்றமே காரணமாயின் நோய் ஏன் விட்டுவிட்டு வருகிறது என்னும் தடையைச் சுசுருத சம்ஹிதை எழுப்புகிறது. மழை பெய்தும் சில விதைகள் கூதிர்ப்பருவத்திலேயே முளைப்பதை உவமைகாட்டி அதற்கு விடையும் தருகிறது. விடை இன்று செல்லாது. ஆயினும் வினா கூர்மையானது. தமிழ் மரபிலோ இந்நோய் 'முயலகன்' எனப் பெயர்பெற்று, ஆடவல்லான் திருவடிக்கீழ்க் கிடக்கும் உருவோடு இணைந்தது. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளின் முயலகன் நோயைச் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததைப் பெரியபுராணம் கூறும். மருத்துவ நூலின் நோக்கும் பக்தி நூலின் நோக்கும் வேறுபடும் இடம் இதுவாகும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, வாதத்திற்கு வஸ்தியும் பித்தத்திற்குப் பேதியும் கபத்திற்கு வாந்தியும் முதன்மையாகும்; பஞ்சகவ்ய நெய், பிரமி நெய் முதலியன பின்னர் வரும். இவற்றை இன்றைய நோயாளிக்கு அப்படியே பரிந்துரைப்பதில் இடர்கள் உள்ளன. 'பிரமி' என்பது நீர்ப்பிரமியையும் குறிக்கும். வட இந்தியாவில் வல்லாரையையும் குறிக்கும். இந்நெய்கள் வலிப்பைத் தடுக்கும் என்பதற்குப் போதிய மருத்துவச் சான்றும் இல்லை. முறையான கண்டறிதலும் மருந்தும் கிடைப்பின் நோயாளிகளுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருந்தைத் திடீரென நிறுத்துவதோ உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். 'அனைத்தும் முன்னோர் அறிந்ததே' என்னும் வாக்கியத்தின் விலை இங்கு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை.

இந்நோயாளியை நீர், நெருப்பு, மரம், மலை ஆகியவற்றிலிருந்து எப்போதும் காக்க வேண்டும் என்று சரகம் வலியுறுத்துகிறது. நோயாளியைக் கூர்ந்து நோக்கியவரின் சொல் இது, இன்றும் மாறாதது. 'காக்காய் வலிப்பு' என்னும் ஏளனப் பெயரையும் கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கத்தையும் விடுத்து, இக்காவல் உணர்வையே நம் ஆசிரியர்கள் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். பழைய நூலைப் போற்றுவதற்கு அதனை மருந்துச்சீட்டாக்க வேண்டியதில்லை.