லக்ஸ் ஏறும், கண் மசியாது

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் உச்சி வெயிலில் ஒருவர் விரித்துப் பிடித்திருக்கும் கறுப்புக் குடை. எதிர்க் கடைக்குள் மேசைமேல் கிடக்கும் வெள்ளை பில் புத்தகம். இரண்டில் எது கண்ணுக்கு அதிக ஒளியை அனுப்புகிறது? குடைதான். நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அளவு). கறுப்புத் துணி அதில் 4 சதவீதத்தைத்தான் திருப்பியனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்குள் 300 லக்ஸ் வெளிச்சம் இருந்து, காகிதம் அதில் 80 சதவீதத்தைத் திருப்பினாலும் குடையின் கணக்கு 16 மடங்குக்கு மேல் போய்விடும். ஆனாலும் குடை கறுப்பாகத்தான் தெரிகிறது, காகிதம் வெள்ளையாகத்தான் தெரிகிறது.

இந்த லக்ஸ் கணக்கைச் சோதித்துப் பார்க்கத் தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், ஓர் ஆண்ட்ராய்டு போன் போதும். ஜெர்மனியின் ஆஹன் நகரப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2016-ல் வெளியிட்ட 'ஃபைஃபாக்ஸ்' செயலி இலவசம். விளம்பரத் தொல்லையும் கிடையாது. அதில் ஒளிக்கான சோதனையைத் திறந்து ஓடவிட்டால், போனின் ஒளி உணரி தரும் லக்ஸ் அளவு எண்ணாகவும் வரைபடமாகவும் வரும். பதிவானதை எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். பள்ளி ஆசிரியர்களுக்கு இது ஒன்றே போதும்.

பிடிப்பதில் கொஞ்சம் பக்குவம் வேண்டும். உணரி பெரும்பாலும் முன்பக்கக் கேமராவின் அருகில் இருக்கும். போனின் திரை விளக்கை நோக்கியிருக்க வேண்டும். சற்றே சாய்த்தாலும் எண் இறங்கிவிடும், குனிந்து பார்ப்பவரின் தலை நிழலும் கணக்கில் சேர்ந்துவிடும். எண் அசையாமல் நின்றால் செயலி உறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒளி மாறினால்தான் உணரி புது எண் தரும். ஒரே ட்யூப்லைட்டின் கீழ் இரண்டு போன்கள் இரண்டு விதமாகச் சொல்வதும் சகஜம். ஆகவே வகுப்பறையின் ஜன்னல் ஓரத்தையும் கடைசி பெஞ்சையும் ஒப்பிட இது நல்ல துணை. அந்த லக்ஸ் எண்ணையே வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள முடியாது.

சரி, எண் சரியாகவே இருக்கட்டும். திண்டிவனத்து ஜவுளிக்கடை ஒன்றில் விளக்குகளை இரட்டிப்பாக்கினால் செயலியில் லக்ஸும் இரட்டிக்கும். வாடிக்கையாளருக்கோ கடை கொஞ்சம் பளிச்சென்று ஆனது போலத்தான் இருக்கும். ஹார்வர்டு உளவியலாளர் எஸ்.எஸ்.ஸ்டீவன்ஸ் 1950-களில் வகுத்த கணக்குப்படி, நாம் உணரும் பிரகாசம் ஏறத்தாழ ஒளியின் கன மூலத்தைப் பின்பற்றுகிறது. இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் எட்டு மடங்கு ஒளி வேண்டும். மின்கட்டணத்தை நினைத்தால் கடைக்காரருக்கு இந்த இடத்தில் தலை சுற்றும்.

கறுப்புக் குடைக்கு அந்தக் கணக்கும் போதாது. உளவியலாளர் ஹான்ஸ் வாலக் 1948-ல் காட்டியதுதான் அங்கே கைகொடுக்கிறது. ஒரு பரப்பு எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதை, அதன் ஒளிக்கும் சுற்றியுள்ளவற்றின் ஒளிக்கும் உள்ள விகிதம்தான் முடிவு செய்கிறது. வெயிலில் குளித்த தரைக்கு முன்னால் குடை சோனி. ஃபைஃபாக்ஸுக்கு அக்கம்பக்கம் தெரியாது. தன்மேல் விழும் ஒளியை மட்டும் எண்ணும்.

இரவில் நெடுஞ்சாலைக்கு வந்தால் சிக்கல் இன்னும் சுவையானது. மஞ்சள் சோடியம் விளக்கும் வெள்ளை எல்இடியும் ஒரே லக்ஸ் தந்தாலும், மங்கலான தெருவில் எல்இடிதான் பிரகாசமாகத் தோன்றும். லக்ஸ் கணக்கே 1924-ல் வகுத்த பகல் கண்ணின் வரையறையைச் சார்ந்தது. அந்தக் கண் 555 நானோமீட்டர் பச்சையில் உச்சம் தொடும். இருட்டில் பழகிய கண்ணின் உச்சமோ 507-க்கு, நீலத்தின் பக்கம், நகர்ந்துவிடுகிறது. இடைப்பட்ட மங்கலுக்கான சர்வதேசக் கணக்குமுறை வந்ததே 2010-ல்தான்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி கூட்டேரிப்பட்டு பக்கம் எதிரே ஹைபீமில் ஒரு வண்டி வந்தால், செயலியில் எண் பெரிதாக ஏறாது. (போன் பக்கத்து இருக்கைக்காரர் கையில் இருக்கட்டும்.) கண்ணுக்கோ சாலையே மறைந்துவிடும். இந்தக் கண்கூச்சத்தைக் கணக்கிட ஸ்டைல்ஸ்-ஹாலடே சூத்திரம் உண்டு: கண்ணில் விழும் லக்ஸைப் பத்தால் பெருக்கி, பார்வைக் கோட்டிலிருந்து விளக்கு விலகியிருக்கும் கோணத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இரண்டு டிகிரி தள்ளி ஒரே ஒரு லக்ஸ் விழுந்தாலும் சதுர மீட்டருக்கு 2.5 கேண்டெலா (பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியின் அளவு) என்ற அளவில் ஒளித்திரை ஒன்று கண்ணுக்குள் படர்கிறது. நல்ல தெருவிளக்கு உள்ள சாலையின் தரையே ஒன்றிரண்டு கேண்டெலாதான். எழுபது வயது ஓட்டுநருக்கு இந்தத் திரை இரு மடங்கு. கோணம் ஐந்து டிகிரியானால் 0.4-ஆகக் குறைந்துவிடும். நடுத்திட்டில் வளர்க்கும் அரளிச் செடிகள் எதிர் விளக்கை மறைத்து இதே உதவியைச் செய்கின்றன.

இரண்டு இடங்களை ஒப்பிட ஃபைஃபாக்ஸைத் தாராளமாக நம்பலாம். ஒப்பந்ததாரரிடம் சண்டை போடவோ அதிகாரியிடம் ஆதாரம் காட்டவோ அளவு சரிபார்த்த லக்ஸ் மீட்டர் வேண்டும். ஆப்பிள் தன் ஒளி உணரியைச் செயலிகளுக்குத் திறந்துவிடாததால், ஐபோன்காரர்கள் இந்தச் சோதனைக்கு ஓர் ஆண்ட்ராய்டைக் கடன் வாங்கத்தான் வேண்டும்.