வேலை முடிந்த துரு

“ஆர்சனிக்கைப் பிடிக்கும் பொருள் கிடைத்துவிட்டது. ஊர் ஊராகக் கொண்டுசேர்ப்பதுதான் பாக்கி.” சில ஆண்டுகளாக இந்தப் பேச்சு என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. சென்னை ஐஐடி பேராசிரியர் பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022-இல் இளவரசர் சுல்தான் பின் அப்துல்அஜீஸ் சர்வதேச நீர் விருதும் வந்தது. அவருடைய குழு உருவாக்கிய ‘அம்ரித்’ வடிகட்டி, இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களைக் கொண்டு ஆர்சனிக்கைப் பிடிப்பது. அந்த உழைப்புக்குக் கிடைத்த மரியாதையில் எனக்கு மகிழ்ச்சியே. அதைச் சுற்றி எழுந்திருக்கும் வாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பொருள் கிடைத்ததோடு வேலை முடிந்தது என்கிறார்கள். என் கணக்கில் அது பாதி வேலை.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இரும்புத் துருவைப் போல ஆர்சனிக்கை இறுகப் பற்றும் பொருள், அதுவும் இத்தனை மலிவாக, கிடைப்பது அரிது. மின்சாரம் வேண்டாம், பெரிய இயந்திரம் வேண்டாம். வங்காளத்தில் பல லட்சம் பேர் இன்னும் நச்சுநீர் குடிக்கிறார்கள். உள்ளங்கையில் புள்ளிகள் தடித்து, தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்று வளரும் வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இன்று தாகமெடுக்கும் குழந்தைக்கு இன்றே வடிகட்டி வேண்டும். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

மேற்கு வங்கத்தின் பருய்ப்பூர்ப் பகுதியில் 11 நிறுவனங்கள் நிறுவிய ஆர்சனிக் நீக்கும் நிலையங்களை ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி குழுவினர் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தார்கள். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குள் ஒரு நிலையம்கூடத் தொடர்ந்து நிற்கவில்லை என்று 2005-இல் எழுதினார்கள். அந்தத் தோல்வியையும் நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. பராமரிப்பு கற்றுக்கொள்ளக்கூடியது, பொருளும் அதற்குப் பிறகு மேம்பட்டிருக்கிறது.

என் மறுப்பு வேறு. இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே கேள்விதான் உறுத்துகிறது: பிடித்த நஞ்சை எங்கே வைத்தீர்கள்?

நம் கல்லூரிகளின் வேதியியல் துறைகளில் பரப்புக் கவர்ச்சி ஆய்வு இன்று பெரிய மோஸ்தர். புளியங்கொட்டை, வேப்பிலை, தேங்காய் ஓட்டுக் கரி, உமிச் சாம்பல், செம்மண், பென்டோனைட், சியோலைட், கிராஃபீன் என்று கைக்கு அகப்பட்ட எல்லாவற்றிலும் ஆர்சனிக்கையோ குரோமியத்தையோ புளோரைடையோ ஒட்டவைத்து, ஒரு கிராம் பொருள் எத்தனை மில்லிகிராம் பிடித்தது என்று எழுதுகிறார்கள். அந்த எண் பெரிதானால் கட்டுரை அச்சேறுகிறது. முடிவுரையில் ‘ஏழை எளியோருக்கு உகந்த மலிவான முறை’ என்ற வரி தவறாமல் வருகிறது. ஒட்டவைத்த பொருள் பிறகு என்ன ஆனது என்பதற்குப் பெரும்பாலும் ஒரு பத்திகூட இருப்பதில்லை. இருந்தால், ‘காஸ்டிக் சோடாவால் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம்’ என்று இருக்கும். கழுவிய நீரில் இப்போது நஞ்சு முன்னைவிடச் செறிவாக இருக்கிறதே, அதை யார், எங்கே ஊற்றுவார்கள்? அந்த இடத்தில் கட்டுரை முடிந்துவிடுகிறது.

ஆர்சனிக் ஒரு தனிமம். எரித்தாலும் அழியாது, மட்கினாலும் அழியாது. வடிகட்டி செய்வதெல்லாம் அதைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் திடப்பொருளின் மேல் உட்காரவைப்பதுதான். உட்கார்ந்த இடத்தில் அது உட்கார்ந்தே இருக்குமா என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. வங்காளத்தில் இந்தக் கேள்விக்கு மண்ணே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது.

இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துவந்த மணற்பரல்களின் மேல் மெல்லிய துருப்படலம் இருந்தது. அந்தத் துரு ஆர்சனிக்கைப் பற்றிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மணல்மேல் மணல் படிந்தது, இலைதழையும் மட்கும் கூடவே புதைந்தன. காற்று எட்டாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அந்த மட்கைத் தின்றன. மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாத இடத்தில் துருவின் இரும்பை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தின. துரு கரைந்தது, அது பற்றியிருந்த ஆர்சனிக் நிலத்தடி நீரில் இறங்கியது. 1998-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இந்த விளக்கம், விவரங்களில் விவாதம் தொடர்ந்தாலும், அடிப்படையில் இன்று ஏற்கப்பட்டிருக்கிறது. வயிற்றுப்போக்கிலிருந்து காப்பாற்ற 1970-களிலிருந்து தோண்டிய குழாய்க் கிணறுகள் அந்த நீரைத்தான் மேலே கொண்டுவந்தன.

வடிகட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது ஆர்சனிக்கைப் பற்றிய துரு. அதை எடுத்து மட்கு நிறைந்த, காற்றில்லாத ஈரமண்ணில் போட்டால் என்ன ஆகும்? பூமிக்கடியில் நடந்த அதே காரியம் வீட்டுக் கொல்லையில் மறுபடி நடக்கும். நோய் எந்த வழியில் வந்ததோ அதே வழியை மருந்துக்கும் திறந்துவைக்கிறோம். எழுதுகிறவர்களுக்கும் விருது தருகிறவர்களுக்கும் இது தெரியாத செய்தி அன்று. தங்கள் கட்டுரையின் முன்னுரையில் இதே வேதியியலை விளக்கிவிட்டு, முடிவுரைக்கு வரும்போது அதை மறந்துவிடுகிறார்கள்.

மறக்கவில்லை, சோதித்திருக்கிறோம் என்பார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகுத்த கசிவுச் சோதனை ஒன்று உண்டு. கழிவை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் 18 மணி நேரம் குலுக்கி, கரைந்து வருவதை அளப்பார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆர்சனிக்குக்குக் கீழே இருந்தால் அபாயமற்ற கழிவு என்ற முத்திரை விழும். ஆர்சனிக் வடிகட்டிகளின் கழிவுகள் இதில் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. தேறாமல் எப்படி இருக்கும்? ஈயம் போல அமிலத்தில் கரையும் உலோகங்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை பொருத்தமானது. ஐந்து இணைதிறன் கொண்ட ஆர்சனிக்கைத் துரு இன்னும் இறுகப் பிடிப்பது இலேசான அமிலத்தில்தான். புட்டியில் காற்று இருப்பதால் துரு துருவாகவே நிற்கிறது. இரும்பைக் கொண்டு மூச்சுவிடும் நுண்ணுயிர் வேலை தொடங்க 18 மணி நேரம் போதாது. எந்தச் சூழலில் துரு ஆர்சனிக்கை விடாதோ அந்தச் சூழலில் வைத்துப் பார்த்துவிட்டு, விடவில்லை என்று சான்றிதழ் தருகிறோம். உண்மையான குப்பைக்கிடங்கின் நிலையில் இதே கழிவு சோதனை காட்டுவதைவிடப் பல மடங்கு ஆர்சனிக்கை விடுகிறது என்று அரிசோனா பல்கலைக்கழகத்தார் 2004-இலேயே காட்டினார்கள். அதற்குப் பிறகும் அந்த முத்திரை பெருமையோடு அச்சாகிறது.

வங்காளத்துக் கிராமங்களில் வேலை முடிந்த பொருள் போய்ச் சேரும் இடங்கள் ஆய்வு இதழ்களில் பதிவாகியிருக்கின்றன: கொல்லை, குளம், ஆறு, திறந்த வயல். சாணத்தோடு கலந்து போடலாம் என்ற பரிந்துரையும் வங்கதேசத்தில் இருந்தது. நுண்ணுயிர்கள் ஆர்சனிக்கை ஆவியாக்கிவிடும் என்பது அதன் நம்பிக்கை. ஆவியாகிப் போவது மிகச் சொற்பம் என்று பின்னர் தெரிந்தது. ஆனால் சாணம் நுண்ணுயிருக்கு நல்ல இரை, குளத்து அடிச் சேறும் அப்படித்தான். துருவைக் கரைக்க ஒருவர் திட்டமிட்டு இடம் தேடினால் இவற்றைவிடத் தோதான இடங்கள் கிடைக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஆர்சனிக் உள்ள கிணறு. குடிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக்கு நாளைக்கு 30 லிட்டர். நாளொன்றுக்கு 9 மில்லிகிராம், ஆண்டுக்கு 3.3 கிராம், ஐந்து ஆண்டில் 16 கிராமுக்குமேல். இது 20 கிலோ துருப்பொருளில் தங்கியது என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 800 மில்லிகிராம். சாதாரண மண்ணில் பெரும்பாலும் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குள்தான் இருக்கும். 300 வீடுள்ள ஊரில் ஐந்து ஆண்டு முடிவில் ஏறத்தாழ 5 கிலோ ஆர்சனிக் 300 கொல்லைகளில் கிடக்கும். எங்கே கிடக்கிறது என்று ஊரில் எந்த ஏட்டிலும் எழுதியிருக்காது.

இதற்கு வடிகட்டிக்காரர்களிடம் வலுவான பதில் ஒன்று உண்டு. நேர்மையாக அதையும் சொல்ல வேண்டும். கோடை நெல்லுக்கு ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அந்த நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே ஒரே பருவத்தில் 1 கிலோ ஆர்சனிக் வயலில் இறங்குகிறது. பாசனப் பம்பு கொட்டுவதற்குமுன் வடிகட்டிக் கழிவு எம்மாத்திரம் என்று கேட்கிறார்கள். கூட்டுத்தொகைக் கணக்கு சரிதான். ஆனால் வயலில் அது 10,000 சதுர மீட்டருக்குப் பரவுகிறது, ஒரு பகுதியை மழைக்கால வெள்ளம் அடித்துச் செல்கிறது. வடிகட்டிக் கழிவோ கைப்பம்புக்குப் பக்கத்தில், கோழி கிளறும் இடத்தில், குழந்தை விளையாடும் இடத்தில் ஒரே குவியலாகக் கிடக்கிறது. தவிர, வயலில் நடக்கும் கேடு கொல்லையில் நடக்கும் கேட்டுக்கு எப்படிச் சான்றாகும்? வயல் தானாகக் கெடுகிறது. கொல்லையை நாம் ‘தூய நீர்’ என்று சொல்லிக் கெடுக்கிறோம். நம்பி வாங்கியவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்றும் சொல்ல முடியாது. செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். 2007-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதெமி ஆர்சனிக் நீக்கத்துக்கென்றே கிரெஞ்சர் பரிசுகளை வழங்கியது. 10 லட்சம் டாலர் தங்கப் பரிசு, வங்கதேசத்தில் வீட்டுக்கு வீடு சென்ற ‘சோனோ’ வடிகட்டிக்காக அபுல் ஹுசாமுக்குப் போனது. இரண்டாம் பரிசான வெள்ளி, 2 லட்சம் டாலர், மேற்கு வங்கத்தில் ஊர்ப்பொதுக் கிணறுகளில் வேலை செய்த அரூப் சென்குப்தாவின் குழுவுக்குக் கிடைத்தது. அந்தக் குழு தீர்ந்த பொருளைக் கிணற்றடியில் விடவில்லை. ஓரிடத்துக்குக் கொண்டுவந்து கழுவி, கழுவிய நீரிலிருந்த ஆர்சனிக்கை இரும்போடு சேர்த்துப் படியவைத்து, அந்தச் சிறிய அளவுச் சேற்றைக் காற்றோட்டமுள்ள பெருமணல் படுகையில் வைத்தது. காற்று இருக்கும்வரை துரு கரையாது. மண்ணுக்கடியில் நடந்ததைப் படித்து, அது மறுபடி நடக்காமல் பார்த்துக்கொண்ட ஏற்பாடு அது. பரிசுக் குழுவில் நான் இருந்திருந்தால் தங்கத்தை அதற்குத்தான் கேட்டிருப்பேன். கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் பிடித்தது என்பதைவிட, பிடித்ததை எத்தனை ஆண்டு பிடித்தபடி வைத்திருக்க முடியும் என்பது பெரிய சாதனை.

துருவே தேவைப்படாத வழிகளையும் பொருள்மோகம் மறைத்துவிடுகிறது. வங்கதேசத்தில் லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து நல்லதற்குப் பச்சையும் கெட்டதற்குச் சிவப்பும் பூசினார்கள். பச்சைக் கிணற்றுக்கு மாறியவர்களும் நஞ்சில்லாத ஆழத்துக்குக் குழாய் இறக்கியவர்களும் கழிவு என்று ஒரு பிடியும் விட்டுச்செல்லவில்லை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரியின் புளோரைடுக்கும் அலுமினா வடிகட்டி பேசப்பட்டதுண்டு. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டம் காவிரி நீரையே குழாயில் கொண்டுவந்தது. எல்லா ஊருக்கும் ஒரு காவிரி கிடைக்காது, தெரியும். கிடைக்காத ஊருக்கு வடிகட்டிதான் கதி. அதனால்தான் அதன் கழிவைப் பற்றி இத்தனை வற்புறுத்துகிறேன்.

ஆர்சனிக்குக்குத் தமிழில் பாடாணம் என்று பெயர். வீட்டில் பாடாணம் வைத்திருக்கிறவர்கள் அதை எங்கே வைத்தோம் என்பதை மறக்கமாட்டார்கள். குழந்தை கைக்கு எட்டாத இடமா, மூடி இறுக்கமா என்று இரண்டு முறை பார்ப்பார்கள். அந்தப் பொறுப்பைத்தான் ஆய்வாளரிடமும் பரிசு தருகிறவரிடமும் அரசிடமும் கேட்கிறேன். ஒரு வடிகட்டி ஊருக்குள் போகும்போது, தீர்ந்த துருவைத் திரும்ப எடுக்க வருகிறவர் யார், எந்தத் தேதியில், எந்த இடத்துக்கு என்பதும் கூடவே எழுதப்பட்டுப் போகட்டும். கொடுத்த வடிகட்டிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் திரும்ப வந்த துருவின் எடையும் இருக்கட்டும். இரண்டாவது எண் இல்லாத அறிக்கையை நான் பாதி அறிக்கையாகவே படிப்பேன். மீதிப் பாதி எந்தக் குளத்தின் அடியிலோ கரைந்துகொண்டிருக்கும்.