கதவருகே திரும்பி நிற்பவர்

விசாரணை முடிந்துவிட்டது. கசங்கிய மழைக்கோட்டு வாசலைத் தாண்டிவிட்டது. கொலைகாரர் அப்போதுதான் மூச்சு விடுகிறார். உடனே கதவு மறுபடி திறக்கிறது. நெற்றியில் கை வைத்தபடி துப்பறியும் அதிகாரி கொலம்போ எட்டிப் பார்க்கிறார். இன்னும் ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறதாம்.

‘கொலம்போ’ என்ற இந்தத் தொலைக்காட்சித் தொடரை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும், அது தொடராவதற்கு முன்பே அதை மேடை நாடகமாக எழுதினார்கள். ஒரு காட்சி நீளம் போதாமல் முடிந்துவிட்டது. துப்பறிபவரை அதற்குள் வெளியே அனுப்பியாகிவிட்டது. பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்ய மனமில்லாமல் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கை அலுப்பில் பிறந்த அந்தத் திருப்பம்தான், 1968 முதல் 2003 வரை பீட்டர் ஃபால்க் நடித்த 69 கதைகளின் உயிர்நாடி. அது ஏன் அவ்வளவு ஆழமாக நமக்குள் இறங்குகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு உளவியலாளர் கார்ல் யுங் நினைவுக்கு வருகிறார்.

யுங் 1921இல் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ நூலில் மனதுக்கு நான்கு திறன்களைச் சொல்கிறார்: சிந்தனை, மதிப்புணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு. ஒவ்வொன்றும் வெளியுலகை நோக்கியும் திரும்பலாம், உள்ளேயும் திரும்பலாம். ஒருவரிடம் ஒன்று ஓங்கி வளர்ந்தால், அதற்கு நேர் எதிரே இருப்பது வளராமல் இருட்டில் கிடக்கும். சிந்தனை ஓங்கியவரிடம் மதிப்புணர்வு சோம்பிக் கிடக்கும். உள்ளுணர்வு ஓங்கியவருக்குக் கண்ணெதிரே இருக்கும் பொருள் தெரியாது.

கொலம்போ எந்த வகை? உள்ளுணர்வுக்காரர் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். முதல் சந்திப்பிலேயே குற்றவாளியை அவர் மோப்பம் பிடித்துவிடுகிறார் அல்லவா? எனக்கு அது சரியாகப் படவில்லை. அவருடைய ஒவ்வொரு சந்தேகத்தின் வேரிலும் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. விமானத்தில் ஏற்றும்போது இருந்ததைவிடத் திரும்பும்போது எடை குறைந்த பெட்டி, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத ஒரு சாமான். எதிரில் இருப்பவரின் காலணி நன்றாக இருந்தால் என்ன விலை என்று கேட்பார், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு. இது வெளிநோக்கிய புலனறிவு. மூன்று வயதில் வலது கண்ணை இழந்து செயற்கைக் கண்ணோடு வாழ்ந்த ஃபால்க், தமிழ்ப் பேச்சில் சொல்வதானால் ‘எதையும் விடாத கண்’ படைத்த ஒரு மனிதரைத் திரையில் வாழ வைத்தார். தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி அவர் பார்க்கும் பார்வையை வேறு எந்த நடிகரிடமும் நான் கண்டதில்லை.

1968இல் வந்த முதல் படத்தில் கொலைகாரரே மனநல மருத்துவர். ஜீன் பேரி நடித்த ரே ஃப்ளெமிங், கொலம்போவை உட்கார வைத்து அவர் முகத்துக்கு நேரே அலசுகிறார். அழகும் நயமும் இல்லாதவர் நீங்கள். அந்தக் குறையையே ஆயுதமாக்கி, மற்றவர்கள் உங்களைக் குறைத்து மதிப்பிடும்படி செய்கிறீர்கள், அங்கேதான் அவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்று விளக்குகிறார். நல்ல அலசல்தான். பழைய நாடக நடிகர்களின் முகமூடியிலிருந்து யுங் எடுத்துக்கொண்ட ‘பெர்சோனா’ (உலகுக்குக் காட்டும் முகம்) என்ற சொல்லுக்கு, மழையே அபூர்வமான லாஸ் ஏஞ்சலஸில் அலையும் அந்த மழைக்கோட்டைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. (அது ஃபால்க்கின் சொந்தக் கோட்டு.)

எதிராளியை இவ்வளவு தெளிவாகப் படித்த ஃப்ளெமிங், தன்னிடம் இருக்கும் ஓட்டையைப் பார்க்கவில்லை. மனைவியைக் கழுத்தை நெரித்துப் போட்டுவிட்டு, காதலியை மனைவியாக வேடமிட வைத்து, விமானம் ஏறி, கச்சிதமான சாட்சியத்தோடு ஊர் திரும்புகிறார். வீட்டுக்குள் நுழைகிறார். அங்கே ஏற்கெனவே கொலம்போ இருக்கிறார். பின்னால் ஒருநாள் சாதாரணமாகக் கேட்கிறார்: பயணத்திலிருந்து வந்த கணவர் வாசலில் நின்று மனைவியைக் கூப்பிடவில்லையே?

நான் இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்காருகிறேன். இதில் கைரேகை இல்லை, ரத்தக்கறை இல்லை. ‘நான் வந்துட்டேன்’ என்ற ஒரு குரல் எழவில்லை, அவ்வளவுதான். சிந்தனையே வாழ்க்கையான ஒருவர் தன் திட்டத்தில் எல்லாவற்றுக்கும் இடம் வைத்தார், அன்புள்ள வீட்டில் யோசிக்காமலே நடக்கும் ஒன்றுக்கு மட்டும் இடம் வைக்கவில்லை. இருட்டில் கிடந்த மதிப்புணர்வு அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கொலம்போவின் கதைகளை நான் இப்படித்தான் பார்க்கிறேன். கொலைகாரர்கள் பெரும்பாலும் தங்கள் ஓங்கிய திறனால் வாழ்கிறவர்கள்: அறுவை மருத்துவர், இசை நடத்துநர், சதுரங்க வீரர். அவர்கள் மதிக்காமல் ஒதுக்கிய எதிர்த்திறன், அழுக்குக் கோட்டும் அணைந்த சுருட்டுமாக வாசலில் வந்து நிற்கிறது. விரட்டினால் போகும். பிறகு திரும்பி வரும். ஒதுக்கிய திறன் நாம் எதிர்பாராத நேரத்தில் தானாகவே தலைகாட்டும் என்று யுங் சொன்னதற்கு இதைவிட நல்ல காட்சி வடிவம் எனக்குத் தெரியவில்லை.

புலனறிவுக்கு அடுத்தபடியாகக் கொலம்போவிடம் ஓங்கியது சிந்தனை என்று சொல்லவும் எனக்குத் தயக்கம் உண்டு. உயர் அறிவெண் கொண்டவர்களின் சங்கத்தில் நடக்கும் 1977ஆம் ஆண்டுக் கதையில் அவரே மனம் திறக்கிறார். பள்ளியில் தன்னைவிடப் புத்திசாலிகள் பலர் இருந்தார்கள், கூடுதலாக உழைத்து, கண்ணைத் திறந்து வைத்திருந்தால் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தேன் என்கிறார். அவருக்குச் சிந்தனை உழைத்துச் சேர்த்த சொத்து. கூடவே பிறந்தது மதிப்புணர்வு. அதே ஆண்டு வந்த இன்னொரு கதையில், ரூத் கார்டன் நடித்த முதிய மர்ம நாவலாசிரியை அவரைத் திடீரென்று ஒரு பெண்கள் கூட்டத்தில் பேச ஏற்றிவிடுகிறார். கூச்சத்தோடு தொடங்குபவர், தனக்கு மனிதர்களைப் பிடிக்கும், சில கொலைகாரர்களைக்கூடப் பிடித்துப்போகும் என்கிறார், செய்த கொலைக்காக அல்ல, அவர்களிடம் இருக்கும் நல்லதற்காக. யுங் சொன்ன மதிப்புணர்வு அழுகையோ சினமோ அல்ல. எதற்கு எவ்வளவு மதிப்பு என்று எடைபோடும் திறன். அந்த மேடையில் கொலம்போ அதைத்தான் செய்கிறார்.

ஒதுக்கிய திறனே கொலைகாரரைக் காட்டிக்கொடுக்கும் என்ற என் கணக்கு இடறும் கதை ஒன்று உண்டு, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். 1973இல் வந்தது. டொனால்ட் ப்ளெசன்ஸ் நடித்த ஏட்ரியன் கார்சினி, மது ரசனையே மூச்சான ஒயின் தயாரிப்பாளர். மாற்றாந்தாய் வழித் தம்பியை ஒயின் நிலவறையில் கட்டிப்போட்டு, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறார். அந்த நாட்களில் வெயில் கொளுத்துகிறது. இங்கே குற்றவாளியும் புலனறிவுக்காரர், உள்நோக்கியவர். அவரைப் பிடிக்கக் கொலம்போ ஒயினைப் பாடமாகப் படிக்கிறார். ஓர் உணவகத்தில் விருந்து வைத்து, கார்சினியின் நிலவறையிலிருந்தே எடுத்த புட்டியைத் திறக்கச் செய்கிறார். ஒரு வாய் வைத்ததுமே கார்சினி கொதித்தெழுகிறார், இது வெப்பத்தில் பாழான ஒயின் என்று. அவ்வளவு நுட்பமான நாக்கு வேறு யாருக்கு உண்டு? அவரை மாட்டிவிட்டது ஒதுக்கிய திறனல்ல, ஓங்கிய திறன்.

கைது செய்து அழைத்துப் போகும் வழியில், கொலம்போ தன் பழைய பெஜோ காரை நிறுத்துகிறார். உணவுக்குப் பின் அருந்தும் இனிப்பு ஒயின் ஒன்றை எடுத்து இரண்டு கோப்பைகளில் ஊற்றுகிறார். கார்சினி சுவைத்துப் பார்க்கிறார். நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்கிறார். தன்னிடம் யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்று கொலம்போ பதில் சொல்கிறார். ஃபால்க்கின் முகத்தில் அப்போது துப்பறிபவர் இல்லை, ஆசிரியரிடம் பாராட்டு வாங்கிய மாணவன்தான் இருக்கிறான்.