சுரமண்டலமும் ஈட்டியும்: இசையின் குணமாக்கும் ஆற்றல் பற்றி ஒரு மதிப்பீடு

இந்திய இசைக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்னும் கருத்து நம் நாட்டில் பழமையானது. இன்றும் செல்வாக்குக் குன்றாதது. இன்ன இராகம் இன்ன நோயைப் போக்கும் என்று பட்டியலிடுவோர் உளர். சில ஒலிகளை முறையாக உச்சரித்தால் உடலும் உள்ளமும் தாமே சீர்படும் என்போரும் உளர். திருச்சபைக்குள்ளும் இக்கருத்து இரு வழிகளில் நுழைந்துள்ளது. இந்திய மண்ணில் வேரூன்றிய வழிபாட்டை நாடுவோர் சிலர், நாதத்தையே அருளின் வாய்க்காலாகக் கருதத் தலைப்படுகின்றனர். குணமளிக்கும் கூட்டங்களை நடத்துவோர் சிலர், ஒலிபெருக்கியின் முழக்கத்தையும் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவதால் எழும் உணர்ச்சியையும் தூய ஆவியாரின் செயலென்றே கொள்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கினாலும், ஆற்றல் ஒலிக்குள்ளேயே உறைந்திருக்கிறது என்னும் அடிப்படையில் ஒன்றுபடுகின்றனர். அவ்வடிப்படையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்மதிப்பீட்டைச் சென்னைச் சபாக்களில் அமர்ந்து செய்வதைவிட, ஜவ்வாது மலையைக் கண்முன் நிறுத்திச் செய்வது நலம் பயக்கும். அம்மலையடிவாரத்துத் திருப்பத்தூரில், மருத்துவமும் இந்திய இசையும் ஒரே வளாகத்தில் வாழ்ந்த கிறிஸ்தவ முயற்சி ஒன்று உண்டு. மலைமேல் வாழ்வோரோ, 'குணமாதல்' என்னும் சொல்லின் பொருளை நம்மிடம் வினவும் நிலையில் உள்ளனர்.

1. மரபு உண்மையில் கூறுவது என்ன?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய 'சங்கீத ரத்னாகரம்' நாதத்தை விளக்குமுன் மனித உடலின் தோற்றத்தை விளக்குகிறது. இசையையும் உடலையும் பிரித்துப் பார்க்கலாகாது என்னும் உணர்வு அந்நூலிலேயே உளது. எனவே, இசைக்கும் நலவாழ்வுக்கும் தொடர்பு காண்பது வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குதல் தகாது.

ஆயினும், இராக மருத்துவத்திற்குச் சான்றாக இன்று எடுத்துக்காட்டப்படும் கதைகளை ஊன்றி நோக்குவோம். முத்துசுவாமி தீட்சிதர் தம் மாணவர் தம்பியப்பனின் வயிற்று நோய் நீங்க, வியாழனைக் குறித்து அடாணா இராகத்தில் கீர்த்தனை இயற்றினார் என்பது செவிவழிச் செய்தி. தியாகராசர் பிலகரி இராகத்தில் 'நாஜீவாதார' என்னும் கீர்த்தனையைப் பாட, இறந்தவன் எழுந்தான் என்பது மற்றொன்று. சைவ மரபில், கொல்லி மழவனின் மகளைப் பற்றியிருந்த முயலகன் நோய் ஞானசம்பந்தரின் பதிகத்தால் நீங்கியதாகப் பெரியபுராணம் பேசுகிறது. இக்கதைகளின் வரலாற்று உண்மையை ஆராய்வது ஈண்டு நம் பணியன்று. அவற்றின் அமைப்பே நாம் கருத வேண்டுவது. மூன்றிலும் பாடுபவர் ஒருவரை விளித்துப் பாடுகிறார். பாடல் வேண்டுதலாக எழுகிறது. அடாணாவோ பிலகரியோ தானே நோயை நீக்கிற்று என்று அவற்றைப் பேணிய அடியார்கள் கூறவில்லை. வேண்டப்பட்டவரின் அருளே நீக்கிற்று என்றனர்.

அவ்வாறாயின், விளிக்கப்பட்டவரை அகற்றிவிட்டு இராகத்தை மட்டும் மாத்திரையைப்போல் எடுத்து வழங்குவது மரபைக் காப்பதாகாது. இராகப் பட்டியலைத் தொன்மையின் பெயரால் போற்றுவோர், தாம் போற்றும் தொன்மையின் உயிர்நாடியான பக்தியையே விட்டுவிடுகின்றனர். பிற சமயத்தாரின் மரபை நாம் மதிப்பது உண்மையாயின், இவ்வேறுபாட்டை அவர்களுக்காகவும் எடுத்துரைத்தல் நம் கடன்.

2. மருத்துவ ஆய்வு கூறுவது என்ன?

இசையின் பயனை மேனாட்டு மருத்துவம் அண்மைக் காலத்தில் முறையாக ஆய்ந்துள்ளது. அறுவை மருத்துவம் பெற்றோர்க்கு இசை துணை செய்கிறதா என்று ஆய்ந்த 73 சோதனைகளின் தொகுப்பு ஒன்று 2015இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. இசை கேட்டவர்க்கு வலி தணிந்தது, அச்சம் குறைந்தது, வலிநீக்கி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை. எவ்வகை இசை என்பதும் எப்போது கேட்டனர் என்பதும் பெரிய வேறுபாட்டை விளைவிக்கவில்லை. புற்றுநோயாளர் குறித்து 2021இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வும், கவலையும் வலியும் சோர்வும் குறையக்கூடும் என்றே கூறுகிறது. புற்றுநோய் குணமாகும் என்று கூறவில்லை.

இதிலிருந்து தெளிவாவது யாது? இசை ஆறுதல் தருகிறது. அவ்வாறுதல் கற்பனையன்று, அளந்தறியக் கூடியது. எனினும் ஆறுதல் வேறு, நோய்நீக்கம் வேறு. இன்ன நோய்க்கு இன்ன இராகம் என்னும் பட்டியலுக்கு இவ்வாய்வுகளில் இடமில்லை. ஆறுதலைக் குணமாதல் என்று விற்பவர், மருந்தை நிறுத்திவிடும் ஏழை நோயாளியின் உயிருக்குப் பொறுப்பாளியாகிறார்.

3. திருமறையின் சாட்சி

இசையால் குணமாதல் பற்றிப் பேசும் கிறிஸ்தவர்கள் தவறாது காட்டும் பகுதி 1 சாமுவேல் 16:14-23. தாவீது சுரமண்டலம் வாசிக்க, சவுல் ஆறுதலடைந்தான் என்பது அங்குள்ள செய்தி. நம் பழைய மொழிபெயர்ப்பு அதனோடு 'சொஸ்தமாவான்' என்னும் சொல்லையும் சேர்த்து வழங்குவதால், முழு நலம் பெற்றான் என்னும் எண்ணம் வாசிப்போர்க்கு எழுகிறது. எபிரெய மூலத்தில் ஆறுதலைக் குறிக்கும் வினைச்சொல் அகலத்தை, மூச்சுவிட இடம் கிடைத்தலைச் சுட்டுவது. நெருக்குண்ட நெஞ்சிற்குச் சற்றே இடம் கிடைத்தது என்பதே அதன் பொருள். அடுத்து வருவதும், அவனுக்கு நன்றாயிருந்தது என்ற அளவில் நிற்கிறது.

கதையை 16ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். 18ஆம் அதிகாரத்திலும் தாவீது முன்போலவே வாசிக்கிறான். அதே அரசன், அதே இசைஞன், அதே சுரமண்டலம். சவுலின் கையிலோ ஈட்டி இருக்கிறது, அதைத் தாவீதின்மேல் எறிகிறான் (1 சாமு. 18:10,11). 19ஆம் அதிகாரத்தில் அது மீண்டும் நிகழ்கிறது. இடையில் மாறியது எது? பெண்களின் வெற்றிப் பாடலைக் கேட்ட சவுலின் உள்ளத்தில் பொறாமை குடிபுகுந்தது. தாவீதின் இசைக்குத் துயருற்ற மனத்தை அகலமாக்க முடிந்தது. அதிகாரத்தை இழக்க அஞ்சிய மனத்தைத் திருப்ப அதனால் முடியவில்லை. மனந்திரும்புதல் நிகழாத இடத்தில் மிகச் சிறந்த இசையும் ஈட்டியைத் தடுக்கவில்லை என்பதைத் திருமறை மறைக்காது கூறுகிறது.

தீர்க்கர் ஆமோஸ், நீதி வற்றாத ஆறாக ஓடாத நாட்டில் பாடல்களின் இரைச்சலை இறைவன் வெறுப்பதாக அறிவித்ததும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது (ஆமோஸ் 5:23,24). ஒலிக்குள்ளேயே தெய்விக ஆற்றல் உறையுமாயின், அவ்வொலியை இறைவன் வெறுத்தல் கூடுமோ?

4. இரு முன்னோடிகள்

நம் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றில் மருத்துவத்தையும் இசையையும் ஒருங்கே கைக்கொண்டோர் உளர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) சித்த மருத்துவத்தால் பெரும்பொருள் ஈட்டி, அதனை இசையாராய்ச்சிக்குச் செலவிட்டவர். 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1917இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். சார்ங்கதேவரின் 22 சுருதிக் கணக்கு பொருந்தாது என மறுத்து 24 சுருதிகளை நிலைநாட்ட முயன்றதே அப்பெருநூலின் தலையாய வாதம். அவர் முடிவை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். நாம் கற்க வேண்டுவது அவருடைய ஒழுங்கு. நோயாளிக்கு மருந்தையும், இசைக்குக் கணக்கையும் ஆராய்ச்சியையும், இறைவனுக்குப் பாடலையும் அவர் அளித்தார்.

மற்றையது, முன்னர்க் குறித்த திருப்பத்தூரின் கிறிஸ்துகுல ஆசிரமம். 1921இல் இதனைத் தொடங்கிய சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காத்லாந்தியரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் மருத்துவர்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே மக்கள் அவர்களை அழைத்தனர். கதருடுத்து, மணம்புரியாது, எளிய உணவுண்டு, நோயாளருக்குத் தொண்டு செய்தனர். திராவிடக் கோயிற்பாணியில் செபாலயம் எழுப்பினர். தமிழ்க் கீர்த்தனைகளாலும் இந்திய இசையாலும் வழிபட்டனர். சின்னண்ணன் 1932இல் சென்னையில் போலீசாரின் அடிக்கும் ஆளானார். செபாலயத்தின் இசையும் மருத்துவமனையின் மருந்தும் அங்கு ஒரே குடும்பத்தின் இரு பணிகளாய் இருந்தன. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. நோயாளிக்குப் பாட்டோடு மருந்தும், மருந்தோடு உடன்பிறப்பும் கிடைத்தன.

5. எவருடைய இசை?

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. 'இந்திய இசை' என்று நாம் சொல்லும்போது எவருடைய இசையைக் கருதுகிறோம்? மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாப்பிலஸ் அப்பாவு (1940-2005) இவ்வினாவை அஞ்சாது எழுப்பினார். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகள் மேனாட்டு இசைக்கு மாற்றாக வந்தவை என்று மகிழ்ந்த திருச்சபையிடம், அவை சிற்றூர்த் தலித் மக்களுக்கு மற்றொரு மேட்டிமையாகவே ஒலிக்கின்றன என்று சுட்டினார். கிராமிய இசையில் வழிபாட்டு முறையை ஆக்கினார். பறையொலி தாழ்ந்தது, வீணையொலி தூயது என்று தரம் பிரித்தது சாதி. நாதத்தின் இயல்பு அன்று.

குணமாக்கும் இசை பற்றிய பேச்சிலும் இத்தரம்பிரித்தல் மறைந்து கிடக்கிறது. நோய் தீர்க்கும் ஆற்றல் செவ்வியல் இசைக்கே உரியது என்று எவ்வாய்வும் நிறுவவில்லை. ஜவ்வாது மலையில் சாமை விளைத்து வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் எனும் மரபினர். அவர்தம் தாலாட்டும் ஒப்பாரியும் மேளமும் அவர்தம் நெஞ்சிற்கு அகலம் தாராவோ? ஆற்றுப்படுத்தும் இசை மேலிருந்து இறக்குமதி செய்யப்பட வேண்டியதன்று. துயருற்றோரின் சொந்த இசையைக் கேட்கும் பணிவே திருச்சபைக்கு முதலில் வேண்டும்.

6. முடிவுரை

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில், பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று உரிய நேரத்தில் மருத்துவமனை சேர வழியின்றி இறந்தது. சாலையில்லாமையால் ஆம்புலன்ஸ் பாதியிலேயே நிற்க, தாய் உடலைக் கையிலேந்தி மலைப்பாதையில் நடந்தாள். இக்குழந்தைக்கு வேண்டியிருந்தது சாலையும் நச்சு முறிவு மருந்தும். அத்தாய்க்குப் பின்னர் வேண்டுவது அவளோடு அமர்ந்து அழுகின்ற பாடலாக இருக்கலாம். முதலாவதைக் கொடாமல் இரண்டாவதை மட்டும் கொண்டுசெல்லும் திருச்சபை, ஆமோஸ் கேட்ட இரைச்சலையே எழுப்புகிறது. முதலாவதை மட்டும் கொடுத்து இரண்டாவதை மறுப்பதும் முழு மனிதரை மறப்பதாகும்.

பிலிப்பி நகரச் சிறையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடினர். இப்பகுதியைப் பாடலின் ஆற்றலுக்குச் சான்றாகவே நாம் பெரும்பாலும் விளக்குகிறோம். அக்கதையில் பலர் கவனியாது விடும் செயலொன்று உண்டு: அந்த இரவிலேயே சிறைக்காவலன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான் (அப். 16:33). அடிபட்டோரின் பாடலைக் கேட்டிருந்த இடத்தில், அடிபட்டோரின் புண்ணைக் கழுவும் கைகள் எழுந்தன. சவுலின் அரண்மனையில் இசை ஆறுதலோடு நின்றுவிட்டது. பிலிப்பியில் அது மனந்திரும்புதலோடும் தொண்டோடும் சேர்ந்தது.

ஆதலின், இசையின் குணமாக்கும் ஆற்றலை மதிப்பிடுவோர் எந்த இராகம், எந்த ஒலி, எத்தனை முறை என்று வினவுவதோடு அமையலாகாது. பாடி முடித்தபின் யாருடைய புண் கழுவப்பட்டது என்று வினவுதல் வேண்டும். நம் வழிபாட்டிலும் குணமளிக்கும் கூட்டங்களிலும் இறையியல் வகுப்புகளிலும் பாடப்பெறும் ஒவ்வொரு பாடலும் இவ்வினாவிற்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளது.