அரை மில்லிமீட்டர்ச் சுவர்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்ததும், தொழில் தெரிந்த ஆங்கிலேயக் கைவினைஞர் அதன் செதுக்கு வேலைப்பாட்டில் மயங்குவதில்லை. குழல்களைக் கழற்றி, விரலில் தொங்கவிட்டுச் சுண்டிப் பார்ப்பார். ஒலி மணிபோல் நீண்டால் குழல்களை இணைக்கும் பட்டை உறுதியாக இருக்கிறது. கரகரத்தால் எங்கோ பற்றுவைப்பு விட்டிருக்கிறது.

இத்தகைய துப்பாக்கிகள் தலைமுறைகள் தாண்டிச் சுடுவதற்குக் காரணம் கைப்பொருத்தம். 1880இல் ஃபிரெடெரிக் பீஸ்லி காப்புரிமை பெற்ற பொறியமைப்பில்தான் பர்டி நிறுவனம் இன்றும் குழல்கள் அருகருகே அமைந்த துப்பாக்கிகளைச் செய்கிறது. கீல் தேய்ந்து குழல் ஆடுகிறதா? சற்றே பருத்த புதிய கீல் முளையைப் பொருத்தி, புகைக்கரி தடவி, ஒட்டும் இடத்தை மட்டும் அரத்தால் நீவி மறுபடி இறுக்கிவிடலாம். இந்தக் கைத்திறன் அழியாமல் இருப்பதில் சேகரிப்பாளர்களுக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் அதே சேகரிப்பாளரின் ஆசை குழலைக் கொல்லவும் செய்கிறது. பழைய வெடிமருந்துக் கசடு உட்சுவரில் துருக்குழிகளை விட்டிருக்கும். அவை கண்ணை உறுத்துவதால் உட்புறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். வெளியே புதிதாகக் கறுப்பேற்றுவதற்கு முன் இன்னொரு தேய்ப்பு. போன உலோகம் திரும்பாது. சுவர் ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் கவனமுள்ள கைவினைஞர் தயங்குவார்.

பிரிட்டனில் குழலை மிகுந்த அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரையிடும் சோதனை உண்டே என்பார்கள். 1868ஆம் ஆண்டுக் குழல் சோதனைச் சட்டமும் 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலையும் பல உயிர்களைக் காத்திருக்கும். எனினும் சோதனை முத்திரை உள்விட்டத்துக்குத்தான் அளவு சொல்கிறது. சுவர்த் தடிமனுக்குச் சொல்வதில்லை. முத்திரை செல்லுபடியாகும் குழலும் ஆபத்தான அளவுக்கு மெலிந்திருக்கக்கூடும். ஏல மேடையில் பளபளப்புக்கு விலை ஏறும்போது விதியிலுள்ள இந்த ஓட்டைதான் மறைந்துபோகிறது.

இதற்கு நேர்மாறான கதி பழங்குழலை அடியில் வெட்டிப் புதுக்குழல் செருகும் முறைக்கு. அப்படிச் செய்த துப்பாக்கி மறுசோதனைக்குப் போகிறது. செருகியது என்ற குறியும் குழலில் பொறிக்கப்படுகிறது. எதையும் மறைக்காத, பாதுகாப்பான பழுதுபார்ப்பு அது. சேகரிப்பாளர்களோ அதையே தீட்டாகப் பார்க்கிறார்கள்; விலை சரிந்துவிடுகிறது. இந்த மதிப்பீடு தலைகீழானது.

தோட்டாவிலும் கவனம் வேண்டும். தோட்டா அமரும் 65 மில்லிமீட்டர் அறைக்குள் 70 மில்லிமீட்டர்த் தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் எகிறும். அறையை நீட்டிக் கடைவதும் தீர்வாகாது. அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தின் அருகிலேயே சுவர் மெலிகிறது. தோட்டாவின் நீளம் மட்டுமல்ல, ரவையின் உலோகமும் முக்கியம். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு இங்கிலாந்து 1999இல் தடை விதித்தது. ஈயத்துக்குப் பதிலான உருக்கு ரவை பழைய மெல்லிய குழலுக்கு ஒவ்வாது. பிஸ்மத் ரவை மென்மையானது, விலைதான் அதிகம். 65 மில்லிமீட்டர் அறைக்கேற்ற பிஸ்மத் தோட்டாக்கள் பிரிட்டனில் இப்போது விற்பனைக்குக் கிடைக்கின்றன.