கவசமா, ஆயுதமா? ‘தி ஆர்மர் ஆஃப் லைட்’ ஆவணப்படம் குறித்து

அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அரசியலைச் சட்டச் சிக்கலாகவே பலரும் ஆராய்வர். அபிகெய்ல் டிஸ்னி இயக்கிய இவ்வாவணப்படமோ (2015) அதனைச் சமய நம்பிக்கையின் சிக்கலாக அணுகுகின்றது. கருக்கலைப்பு எதிர்ப்பியக்கத்தில் நெடுங்காலம் முன்னின்ற போதகர் ராப் ஷெங்க், உயிரின் புனிதம் பேசும் கிறித்துவர் துப்பாக்கி ஏந்துதல் தகுமா எனத் தம்மவரிடமே வினவுகின்றார். மாற்றாரை எதிர்ப்பதினும் தம்மவரை எதிர்கொள்வதே அரிய துணிவு என்பதைப் படம் செவ்வனே உணர்த்துகின்றது.

படத்தின் தலைப்பு உரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தினின்று பெறப்பட்டது. அங்குள்ள கிரேக்கச் சொல் ஆயுதம், கவசம் ஆகிய இரண்டையும் குறிக்கும். ஆங்கிலப் பெயர்ப்புகள் பெரும்பாலும் கவசம் என்றன. பழைய தமிழ் வேதாகமம் ஆயுதம் என்றது. தற்காப்பு பற்றிய வழக்கும் இவ்விரு பொருளுக்கிடையே எழுவதேயாம். 2012இல் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், காரில் உரக்க ஒலித்த இசையால் எழுந்த வாக்குவாதத்தில், லூசி மெக்பாத்தின் 17 வயது மகன் ஜோர்டான் டேவிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் தற்காப்பு என்றே வாதிட்டார். நீதிமன்றம் 2014இல் அவரைக் கொலைக்குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

நாம் காணும் குறையும் இங்கேதான். போதகர் இழக்கக்கூடியது ஆதரவாளர்களை. தாய் இழந்ததோ மகனை. எனினும், போதகரின் மனச்சான்றை எழுப்புபவராகவே படம் அவரைப் பெரிதும் நிறுத்துகின்றது. அவர் 2018இல் ஜார்ஜியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதை அறிந்த நாம், இப்படத்தை இன்று அவரது கதையாகவே மீள வாசித்தல் வேண்டும்.