திரையில் இல்லாத படகுகள்: 'ரன் சைலண்ட், ரன் டீப்' நாவலும் திரைப்படமும்

1958ஆம் ஆண்டு வெளிவந்த 'ரன் சைலண்ட், ரன் டீப்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் நீர்மூழ்கிக் கப்பல் போரைச் சித்திரிக்கும் படங்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுவது. ராபர்ட் வைஸ் இயக்கிய இப்படத்தில் கிளார்க் கேபிளும் பர்ட் லங்காஸ்டரும் நடித்துள்ளனர். ஒரு கப்பலின் தலைமைக்காக இரு அதிகாரிகள் மோதுவதே இதன் கரு என்பதும், அம்மோதலில் யார் பக்கம் நியாயம் என்பதே படம் எழுப்பும் வினா என்பதும் பொதுவான கருத்து. இக்கருத்து தவறன்று, ஆயினும் போதாது. இப்படத்திற்கு மூலமாக அமைந்த நாவல் எழுப்பிய வேறொரு வினா திரைக்கதையில் இடம்பெறவில்லை. அது நீங்கிய விதத்தைக் கண்டால்தான் இம்மோதல் இத்தகைய முடிவைப் பெற்ற காரணம் விளங்கும்.

கதை 1942இல் தொடங்குகிறது. ஜப்பானின் கியூஷு, ஷிக்கோக்கு ஆகிய தீவுகளுக்கு இடைப்பட்ட பங்கோ நீரிணையில் ரிச்சர்ட்சன் என்னும் தளபதியின் நீர்மூழ்கியை 'அகிகாஸே' என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கடிக்கிறது. ஓராண்டுக் காலம் பேர்ள் துறைமுகத்தில் மேசை வேலை பார்க்கும் அவர், மேலதிகாரிகளை வற்புறுத்தி 'நெர்கா' என்னும் கப்பலின் தலைமையைப் பெறுகிறார். அத்தலைமை தமக்கே கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தவர் அக்கப்பலின் துணைத் தலைவரான பிளெட்சோ. பங்கோ நீரிணைக்குள் செல்லக்கூடாது என்பது மேலிட உத்தரவு. அங்குச் செல்வது ஒன்றே ரிச்சர்ட்சனின் உள்நோக்கம்.

படத்தின் முற்பாதி முழுவதும் பயிற்சியே. எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. மாலுமிகள் ஏணியில் சறுக்கி இறங்குகின்றனர். கப்பல் நீருள் அமிழ்கிறது. டார்பிடோ ஏவும் ஒத்திகை நடக்கிறது. எடுத்துக்கொண்ட விநாடிகள் அறிவிக்கப்படுகின்றன. மீண்டும் அதே மணி. வேறோர் இயக்குநர் இதனை இரண்டு நிமிடத்தில் முடித்திருப்பார். வைஸ் இதனைச் சலிப்புத் தட்டும் அளவிற்கு நீட்டுகிறார். அச்சலிப்பு மாலுமிகளின் சலிப்பு; பகைவரின் நீர்மூழ்கி ஒன்று எதிர்ப்பட்டும் தாக்காமல் தளபதி விலகிச் செல்லும்போது எழும் கசப்பு நமக்கும் உரியதாகிறது. இவ்வளவு பயிற்சியும் எதற்கு என்பது பின்னரே தெரிகிறது. தன்னை நோக்கி நேரே பாய்ந்து வரும் நாசகாரிக் கப்பலின் முன்பகுதியைக் குறிவைத்துச் சுட்டுவிட்டு நீருள் மறைவது ரிச்சர்ட்சனின் உத்தி. இலக்கு மிகக் குறுகியது. தவறினால் மறு வாய்ப்பில்லை. 'மோமோ' என்ற கப்பலை இம்முறையில் மூழ்கடித்த பிறகுதான் மாலுமிகள் அவரை வேறு கண்ணோடு பார்க்கின்றனர்.

தலைமை, ஆணை என்னும் இரு சொற்களைத் தமிழில் நாம் வேறுபடுத்தி ஆள முடிகிறது. இப்படத்திற்கு அவ்வேறுபாடு மிகவும் பொருந்தும். ஆணை ரிச்சர்ட்சனிடம் இருக்கிறது. மாலுமிகளின் மனத்தளவிலான தலைமை பிளெட்சோவிடம் இருக்கிறது. ஆணையை மீற இளைய அதிகாரிகள் தூண்டும்போது பிளெட்சோ அவர்களைக் கண்டித்து அனுப்புகிறார். லங்காஸ்டரின் நடிப்பு இங்கே மிகவும் அடங்கியது. தாடையின் இறுக்கத்திலேயே பாதி உரையாடல் முடிந்துவிடுகிறது. பின்னர், நீரிணையில் நடந்த தாக்குதலில் தலையில் காயமுற்ற தளபதியிடமிருந்து அவர் பொறுப்பை ஏற்கிறார். கப்பலைப் பேர்ள் துறைமுகம் நோக்கித் திருப்பியவர், நெர்கா மூழ்கிவிட்டதாகத் தோக்கியோ வானொலி அறிவிப்பதைக் கேட்டதும் அதே நீரிணைக்குத் தாமே திரும்புகிறார். எதிர்த்தவரே எதிர்க்கப்பட்டவரின் வழியை மேற்கொள்ளும் இத்திருப்பம் படத்தின் சிறந்த பகுதி. கேபிளுக்கு அப்போது வயது ஐம்பதுக்கும் மேல். அக்களைப்பு முகத்தில் தெரிகிறது. அது பாத்திரத்திற்கு நன்மையே செய்துள்ளது.

இனி நாவலுக்கு வருவோம். 1955இல் இதனை எழுதிய எட்வர்ட் எல். பீச், பசிபிக் போரில் நீர்மூழ்கிகளில் பணியாற்றிய கடற்படை அதிகாரி. நாவலில் கதை வேறு. ரிச்சர்ட்சனே தம் வாயால் கதை சொல்கிறார். பிளெட்சோ தனிக் கப்பலுக்குத் தலைவராகி, வெற்றிகள் பல ஈட்டி, 'பங்கோ பீட்' என்று அமெரிக்கர் பெயரிட்டழைத்த ஜப்பானியத் தளபதியின் கையில் மடிகிறார். ரிச்சர்ட்சன் மற்றொரு கப்பலில் சென்று பழி தீர்க்கிறார். கப்பல் மூழ்கிய பின் அந்தத் தளபதியும் அவருடைய ஆட்களும் உயிர்காப்புப் படகுகளில் மிதக்கின்றனர். கைதேர்ந்த அப்பகைவன் உயிரோடு கரை சேர்ந்தால் மீண்டும் வேறொரு கப்பலோடு வருவான் என்பது ரிச்சர்ட்சனின் கணக்கு. அவர் தம் கப்பலை அப்படகுகளின்மீது செலுத்துகிறார். அவர் இறப்பதில்லை, அச்செயலோடு உயிர் வாழ்கிறார்.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்குவதற்கில்லை. 1943 சனவரி 26ஆம் நாள் நியூ கினிக்கு வடக்கே 'வாஹூ' என்னும் அமெரிக்க நீர்மூழ்கி 'புயோ மாரு' என்ற ஜப்பானியப் போக்குவரத்துக் கப்பலை மூழ்கடித்தது. பின்னர் நீர்மட்டத்திற்கு வந்து, படகுகளில் இருந்தோர்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் வீவாக் துறைமுகத்தில் தன்னை நோக்கிப் பாய்ந்து வந்த நாசகாரிக் கப்பலொன்றை இதே வாஹூ முன்பகுதியில் தாக்கி முடமாக்கியிருந்தது. வாஹூவின் வரலாற்றைப் பீச் 1952இல் வெளியான தம் 'சப்மரீன்!' என்ற நூலில் எழுதியுள்ளார். வாஹூவின் தளபதி டட்லி மார்ட்டன் தாக்குதலின்போது பெரிஸ்கோப்பைத் தம் துணைத் தலைவர் ரிச்சர்ட் ஓகேனிடம் ஒப்படைத்துவிட்டு, முடிவெடுக்கும் பணியை மட்டும் தாம் வைத்துக்கொண்டவர். திரையில் நாம் காணும் தலைமைப் பிணக்கிற்கு நேர்மாறான உறவு அது.

புயோ மாருவில் இருந்தோர் ஜப்பானியப் படையினர் என்று மார்ட்டன் கருதினார். ஆனால், அதில் 491 இந்தியப் போர்க்கைதிகளும் இருந்தனர். மலாயாப் போரில் ஈடுபட்ட பஞ்சாப் 16ஆம் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளத்தினர். டார்பிடோவாலும் அதன்பின் நிகழ்ந்த சூட்டாலும் 195 இந்தியரும் 87 ஜப்பானியரும் உயிரிழந்தனர். இச்செய்தி பரவலாக அறியப்பட்டது நெடுங்காலம் கழித்தே. மார்ட்டன்மீது நடவடிக்கை ஏதும் எடுக்கப்படவில்லை. அவர் அதே ஆண்டு அக்டோபரில் தம் கப்பலோடு மாண்டார். மலாயாவில் போரிட்டுச் சிறைப்பட்டவர்கள் இப்படியொரு கடலில் இறந்தமை நம் பாடநூல்களில் இடம்பெறாத வரலாறு என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

திருக்குறளின் 'படைச்செருக்கு' அதிகாரம், இடருற்ற பகைவனுக்கு உதவுவதை ஊராண்மை எனப் பெயரிட்டு வீரத்தின் கூர்மையாகக் கொள்கிறது. பீச்சின் நாவல் அக்கூர்மை மழுங்கும் கணத்தை மறைக்காமல் காட்டுகிறது. படம் அக்கணத்தையே நீக்கிவிட்டது. இதனை வணிக நோக்கம் என்று சொல்லி முடித்துவிடலாம். கேபிள் போன்ற ஒரு நாயகர் படகுகளின்மீது கப்பலை ஏற்றுவதை 1958இன் பார்வையாளர் ஏற்றிருக்கமாட்டார். ஆனால், நீக்கியதன் விளைவு கதையமைப்பு முழுவதிலும் தென்படுகிறது. தளபதி பகைவருக்கு என்ன செய்யலாம் என்ற வினா, தம் துணைவருக்கும் மாலுமிகளுக்கும் என்ன செய்யலாம் என்ற வினாவாகச் சுருங்கிவிட்டது. பின்னதற்கு விடை எளிது: ரிச்சர்ட்சனின் உத்தி சரியென நிறுவி, பிறகு அவரை இறக்கச் செய்துவிட்டால் ஆணையும் தலைமையும் பிளெட்சோவிடமே ஒன்றாகிவிடும்.

அகிகாஸே மூழ்கும் காட்சியைக் கூர்ந்து நோக்குக. நெர்கா நீர்மட்டத்தில் இருக்கிறது. நாவலின்படி இதுவே படகுகள் தோன்ற வேண்டிய நேரம். ஆனால், அக்கணமே இதுவரை கண்ணில் படாத ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றின் ஆபத்து எழுகிறது. படுக்கையில் கிடந்த ரிச்சர்ட்சன் அதனை உணர்ந்து ஆணையிட, கப்பல் உடனே அமிழ்கிறது. கதைக்கு இது விறுவிறுப்பான திருப்பம். தப்பிப் பிழைத்தோர் மிதக்கும் நீர்ப்பரப்பின்பக்கம் கேமராவைத் திருப்புவதற்கோ நேரமில்லை. இறுதியில் மேற்தளத்தில் நடப்பது ரிச்சர்ட்சனின் கடல் அடக்கம். துணியில் சுற்றிய ஓர் உடல் மட்டும் நீரில் இறங்குகிறது. பிளெட்சோ சில சொற்கள் பேசுகிறார்.